சாராவுக்குப் பிறந்த வீடு தேடிய கதை

1

அம்மா போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வியில்தான் இது தொடங்கியது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் கணவன் கார்த்தி ஆபீஸுக்குக் கிளம்பியதும் நானும் போனை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். டெக்ஸஸில், இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட ஏரி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நடைபாதை, அப்புறம் வரிசையாக ஆபீஸ் கட்டடங்கள். இங்கே எனக்குக் காலை என்றால் ஊரில், கோபியில், அம்மா ராத்திரிச் சாப்பாட்டை முடித்திருப்பாள். வீடியோவில் அவளையும் கூட்டிக்கொண்டுதான் நடப்பேன்.

இரண்டு பார்க்கிங் லாட்டுகளுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரும்பு வேலி போட்ட ஒரு துண்டு நிலம். ஏதோ பழைய பம்ப்செட் ரூம் இருந்த இடமாக்கும் என்று அதுவரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புல்லை வெட்டியிருந்தார்கள். உள்ளே ஐந்தாறு கல்லறைகள். ஒன்று வேலியை ஒட்டியே இருந்ததால் போனை நீட்டி அம்மாவுக்குக் காட்டினேன்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

வாசித்துச் சொன்னேன். "சாரா. சேணம் தைக்கும் வில்லியம் ஹில்லின் மனைவி. இங்கிலாந்தில் பிறந்தவள்."

"சேணம்னா?"

"குதிரை மேல போடுவாங்கல்லம்மா, உக்கார்றதுக்கு."

"அது செரி. அவ யாரூட்டுப் புள்ளைன்னு போடலையா?"

"இல்லம்மா, அவ்ளோதான் இருக்கு."

"அதெப்படி? கட்டுனவன் பேரு இருக்குது, அவன் பாத்த வேலை இருக்குது. பெத்தவங்க பேரு இல்லாம ஒரு பொம்பளை எங்கிருந்து வந்தா?"

அதோடு விட்டுவிட்டு, சத்து மாத்திரை போட்டாயா என்று கேட்கப் போய்விட்டாள். எனக்குத்தான் நடை நின்றுவிட்டது. என்னுடைய விசாவிலும் என்னைப் பற்றிய முக்கியமான செய்தி இன்னாரின் மனைவி என்பதுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்தேன்.

2

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களுக்கு என் நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் புள்ளியியல் படித்தவள். சென்னையில் நல்ல வேலையில் இருந்தேன். இங்கே கணவனின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்திருப்பதால் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. முதல் வருஷம் நியூஜெர்சியில் பார்சிப்பனியில் இருந்தோம். அங்கே கீழ்வீடும் மேல்வீடும் தமிழ்க் குடும்பங்கள். மிளகாய்த்தூள் தீர்ந்தால் கிண்ணத்தோடு இறங்கினால் போதும். பிறகு கார்த்தியின் ப்ராஜெக்ட் டெக்ஸஸுக்கு மாறியது. இங்கே கார் இல்லாமல் ஒரு பச்சை மிளகாய் வாங்க முடியாது. கார் கார்த்தியோடு ஆபீஸுக்குப் போய்விடும். யாரையும் தெரியாது. சில நாள் மத்தியானம் வரைக்கும் என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது பற்றி யாரும் யோசிப்பதுகூடக் கிடையாது. ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிப் போவார்கள், குழந்தையோடு திரும்புவோம், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். மகள் போவதற்குப் பதில் அம்மா விமானம் ஏறி வருவாள். கையில் சுக்கு, பூண்டு லேகியம், பழைய வேட்டித் துணி. அவள் வந்து இறங்கியதும் ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் தாய்வீடு ஆகிவிடும். என்னால் ஊருக்குப் போக முடியாது. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி. வெளியே போனால் எப்போது திரும்ப விடுவார்கள் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. மாமியார் உயிரோடு இல்லை. ஆகவே எல்லாம் அம்மாவின் விசிட்டர் விசாவில்தான் நின்றது. சென்னையில் இன்டர்வியூ தேதிக்குக் காத்திருந்தோம்.

காத்திருக்கும்போது தேட எனக்கு ஒரு சாரா கிடைத்தாள்.

கார்த்தி சிரித்தான். எங்கள் பக்கம் கணவனை மாமா என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவின் அப்பாவை அப்பச்சி என்று. அவனுக்கு நான் அம்மணி.

"அம்மணி, உன்ற அப்பச்சியோட அப்பா பேரு என்ன?"

"தெரியல மாமா."

"அது தெரியல. டெக்ஸஸ்ல குதிரை லாடம் அடிச்சவன் பொண்டாட்டிக்குப் பரம்பரை தேடறே."

"லாடமில்ல, சேணம்."

"ரெண்டும் குதிரைக்குத்தானே, உடு."

3

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வில்லியம் ஹில் குடும்பம் சுலபமாகச் சிக்கியது. பழைய கணக்கேடுகளை இங்கே எல்லோரும் பார்க்கலாம். வில்லியம், சேணக்காரர். சாரா, வீட்டைக் கவனிப்பவர். ஐந்து பிள்ளைகள். நான்கு டெக்ஸஸில் பிறந்தவை. மூத்தவள் எம்மா மட்டும் இங்கிலாந்து. இரண்டு நாட்டிலும் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. இந்தத் தம்பதி சரியாக இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் கல்யாணம் செய்து, ஒன்றைப் பெற்று, கப்பலேறியிருக்கிறார்கள். இங்கிலாந்துக் கணக்கில் அவர்கள் குடும்பமாக ஒருமுறைகூடத் தட்டுப்படவில்லை.

வம்சாவளி போடும் ஒரு வலைத்தளத்தில் இதே வில்லியமை வைத்து ஒரு பெரிய மரமே வளர்ந்திருந்தது. போட்டவர் பெயர் கரோல். வில்லியமின் பக்கத்தில் ஏழு தலைமுறை. சாராவுக்கு மேலே இருந்த கட்டம் காலி. செய்தி அனுப்பினேன். மறுநாளே போனில் கூப்பிட்டார். ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாராம். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்து பேசுவார்.

ஆரம்பமே சொதப்பல். நம் ஊர் ஆங்கிலத்தில் நான் "சாராவுக்கு நேட்டிவ் எது?" என்று கேட்டுவிட்டேன். கரோல் மிகவும் கவனமாக, எங்கள் குடும்பத்தில் செவ்விந்தியர் யாரும் இல்லை என்றுதான் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் யார் கண்டது என்றார். சொந்த ஊரைக் கேட்டேன் என்று புரியவைத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ எங்களுக்கு என்ன சொந்தம்?"

"ஒன்றும் இல்லை. அவர் கல்லறை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது."

"அதற்காகவா?"

"எனக்கு நேரம் இருக்கிறது."

"நேரமா? எனக்கும் கொஞ்சம் அனுப்பி வை. என் மகள் சியாட்டிலில் இருக்கிறாள். இந்த மரத்தைப் பாரேன் என்று ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறேன். தம்ஸ் அப் போடுகிறாள்."

வில்லியம் இங்கிலாந்தில் வால்சால் என்ற ஊர்க்காரர் என்பது வரை கரோலுக்குத் தெரிந்திருந்தது. அது சேணத் தொழிலுக்கே பேர்போன ஊர். ஆனால் அங்கே கல்யாணப் பதிவேட்டில் வில்லியம் ஹில் என்ற பெயரில் சாரா என்ற பெண்ணைக் கட்டியவர்கள் ஏகப்பட்ட பேர். சாராவின் பக்கத்தைத் தேடப்போன கரோல் அதில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த ஊர்களை எழுதியிருக்கிறது, எம்மாவுக்கு நேராக லட்லோ என்று இருக்கிறது, அது ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றார்.

வரைபடத்தைத் திறந்தேன். லட்லோ வேல்ஸ் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். வால்சாலிலிருந்து நல்ல தூரம். புருஷனுக்கு வால்சாலில் வேலை. மூத்த பிள்ளை மட்டும் லட்லோவில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கரோல், அது அவள் அம்மா வீடு."

"எப்படிச் சொல்கிறாய்?"

"முதல் பிரசவம். வேறு எங்கே போவாள்?"

4

லட்லோவின் பழைய கணக்கேட்டில் சரியான வயதில் ஒரே ஒரு சாராதான் பொருந்தினாள். ரொட்டிக் கடைக்காரரின் மூன்றாவது மகள். ஜேம்ஸ் என்ற அப்பா, மேரி என்ற அம்மா, இரண்டு அக்கா, ஒரு தம்பி. தெருப் பெயரும் இருந்தது. கூகுள் வரைபடத்தில் அந்தத் தெருவுக்குள்ளேயே போய்விட்டேன். சரிவான தெரு, சாய்ந்த மரச்சட்ட வீடுகள். அதில் ஒன்றை நானே தேர்ந்தெடுத்து, இதுதான் என்று முடிவு செய்தேன். அடுப்பு எப்போதும் எரியும் வீடு. பிள்ளை பெற வந்தவளுக்குக் குளிருக்கு இதமாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"பாத்தயா. வெள்ளைக்காரியா இருந்தா என்ன, தலைப்பிரசவம்னா அம்மாவூட்டுக்குத்தானே வரோணும். அவங்க அம்மா பேரு என்ன சொன்னே?"

"மேரி."

"மேரியம்மா புண்ணியவதி. பொண்ணைக் கப்பலேத்திப் போட்டுட்டு எப்படி இருந்தாளோ."

அன்றிலிருந்து மேரியம்மா எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, ஒறம்பரை மாதிரி ஆகிவிட்டாள். அப்பாவிடமும் சித்தியிடமும் அம்மா கதை சொல்லிவிட்டாள். கரோல் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பொருந்துகிறது, ஆனால் பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு என்றார். நான் புள்ளியியல் படித்தவள், எனக்கே இதைச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்கவில்லை. அந்த ரொட்டிக் கடையில் அப்போதைக்கு நான் குடிபோயிருந்தேன்.

5

அம்மாவின் இன்டர்வியூ நாளில் நானும் கார்த்தியும் தூங்கவில்லை. வெளியே வந்ததும் கூப்பிட்டாள். பின்னால் சென்னைப் பேருந்துகளின் ஹாரன்.

"இல்லேன்னுட்டாங்க சாமி."

"என்னம்மா கேட்டாங்க?"

"எதுக்குப் போறேன்னாங்க. மக பிரசவத்துக்குன்னேன். ஊர்ல என்ன இருக்குதுன்னாங்க. வீடு, தோட்டம், மாடு கண்ணு, உங்கொப்பா, எல்லாம் சொன்னேன். பேப்பர் எதும் பாக்கல. ஒரு சீட்டைக் குடுத்து அனுப்பிச்சுட்டாங்க. நான்தான் ஏதோ மாத்திச் சொல்லிட்டனாட்டம் இருக்குது."

"நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது."

"வெசனப்படாத. திருப்பிப் போட்டுக்கலாம்."

திருப்பி விண்ணப்பித்தோம். அடுத்த தேதி, குழந்தை பிறந்து அது தவழத் தொடங்கும் காலத்தில் விழுகிறது. கார்த்தி ஆபீஸில் பேசி ரெண்டு வாரம் லீவு வாங்கினான். கருப்பட்டி எங்கே கிடைக்கும், குழந்தையைக் காலில் போட்டு எப்படிக் குளிப்பாட்டுவது என்று யூடியூபில் பார்க்க ஆரம்பித்தான். ஒரு வீடியோவை ஓட்டிவிட்டு மாவு மூட்டையை மடியில் வைத்துப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மூன்றாவது வாரமும் நினைவுக்கு வந்தது. அவன் ஆபீஸுக்குப் போன பிறகு அந்த வீட்டில் நானும், கழுத்து நிற்காத ஒரு குழந்தையும்.

அந்த வாரம் வேறு எதற்கும் மனம் ஓடாமல் லட்லோவுக்கே போனேன். மேரியம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். மகள் அமெரிக்கா போன பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று பார்க்க, அடுத்த பத்து வருஷத்துக் கணக்கேட்டை எடுத்தேன். அதே தெரு. ஜேம்ஸ் இருந்தார், மேரி இருந்தாள். அடுத்த வரியில் சாராவும் இருந்தாள். கல்யாணமாகாதவள், உடை தைப்பவள், அப்பா அம்மாவோடு.

என்னுடைய சாரா அந்த வருஷத்தில் டெக்ஸஸில் மூன்று பிள்ளைகளோடு இருந்தாள்.

வயதையும் தெருவையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். பிறகு கரோலைக் கூப்பிட்டேன்.

"அப்படியானால் லட்லோவில் அவர்களுக்கு யாருமே இல்லாமல் இருந்திருக்கலாம்," என்றார் கரோல். "சேணம் தைக்கிற இளவட்டங்கள் வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் நடந்தே போவார்களாம். வில்லியமும் போயிருப்பார். கூட இவளும் போயிருப்பாள். போன இடத்தில் வலி எடுத்திருக்கும்."

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே."

"போயிருக்கலாம், தேனே. அம்மா இருந்தாளா என்றே நமக்குத் தெரியாதே."

இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைப்பிரசவம் என்றதும் தாய்வீடு என்று போட்டுவிட்டேன். எங்கள் ஜில்லாவில் இது சரியாக வந்திருக்கும்.

6

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. மேரியம்மா நம் மேரியம்மா இல்லை என்று சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பார்த்தால் நேராக அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப அந்தப் புள்ளைக்குப் பிரசவத்தப்ப கூட ஆரு இருந்தா?"

"அதெல்லாம் எங்கம்மா எழுதியிருக்கப் போறாங்க."

"பெத்துப் பொழைச்சிருக்காளே. ஆரோ இருந்திருக்கோணும்."

இங்கிலாந்தில் பிறப்புச் சான்றிதழ் எத்தனை பழையதானாலும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி நகல் வாங்கலாம். எம்மாவின் நகலுக்கு விண்ணப்பித்தேன். ஒரு சனிக்கிழமை மெயிலில் வந்தது. அம்மாவைப் போனில் வைத்துக்கொண்டே திறந்தேன். கரோல் இன்னொரு போனில், ஸ்பீக்கரில். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நான் நடுவில்.

தாயின் பெயர், சாரா ஹில். கல்யாணத்துக்கு முன் சாரா ஜோன்ஸ்.

"ஜோன்ஸ்," என்றார் கரோல். "வேல்ஸ் எல்லையில் ஜோன்ஸ். கடையை மூடிவிட்டுப் போகலாம்."

உண்மைதான். நம் ஊரில் பழனிசாமி மகள் என்று மட்டும் சொல்லி ஒருத்தியைத் தேடுவது மாதிரி. அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்ததும் அவளும் சிரித்தாள்.

பிறந்த இடம், ஒரு சத்திரத்துக்குப் பின்னால் இருந்த வளவு, அதாவது ஒரே முற்றத்தைச் சுற்றிய சின்னச் சின்ன வாடகை வீடுகள். கடைசிக் கட்டத்தில், பிறப்பைப் பதிய வந்தவர் யார் என்று எழுதியிருக்க வேண்டும். பொதுவாக அப்பாவோ அம்மாவோ வந்திருப்பார்கள். இதில் ஹன்னா பவல் என்று ஒரு பெண். கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். பக்கத்தில் குமாஸ்தாவின் கையெழுத்தில், பிரசவத்தின்போது உடனிருந்தவர். அவள் வசித்ததும் அதே வளவு.

"ஆரு கண்ணு அது? அக்கா தங்கச்சியா?"

"இல்லம்மா. அதே வளவுல குடியிருந்தவ. பக்கத்து வீடு."

கரோல் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அவள் இல்லாவிட்டால் எம்மா இல்லை. எம்மா என் கொள்ளுப்பாட்டி," என்றார். பிறகு அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்கே புரிந்திருக்கும். அவள் கேள்வி என் பக்கம் திரும்பியது.

"உன்ற பக்கத்தூட்ல ஆரு இருக்கறாங்க?"

"தெரியலம்மா."

"எதுத்தாப்பல?"

"ஒரு நாய் இருக்குது. சத்தம் கேக்கும்."

"நாய் தனியாவா வாடகை குடுக்குது?"

வில்லியம் ஹில்லின் ஏழு தலைமுறைப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். எங்கள் மாடிப்படியில் என்னைப் பார்த்து ஹாய் சொல்லும் பெண்ணின் பெயர் தெரியாது. லிஃப்டில் தனியாக ஏற வேண்டும் என்பதற்காக ஆட்கள் போகும் வரை தபால் பெட்டி அருகே நின்றிருக்கிறேன். அம்மா வந்துவிடுவாள், அதுவரை சமாளித்தால் போதும் என்றே இத்தனை மாதம் ஓட்டினேன்.

7

இப்போது ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. அம்மா வரப்போவதில்லை. அதை எழுதிப் பார்த்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

சாராவின் பிறந்த வீட்டைத் தேடுவதை நிறுத்தவில்லை. மரத்தில் அவள் கட்டத்துக்கு மேலே ஜோன்ஸ் என்று கரோல் போட்டுவிட்டார். அதற்கும் மேலே எதுவும் இல்லை. அடுத்த வாரம் லட்லோவின் கணக்கேட்டில் அந்தச் சத்திரத்து வளவை வீடு வீடாகப் பார்க்கப் போகிறேன். ஹன்னா பவலுக்கு எத்தனை வயது, பிள்ளைகள் இருந்தார்களா, என்ன வேலை பார்த்தாள் என்று ஏதாவது கிடைக்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள், நம்பிக்கை வைக்காதே என்று கரோல் எச்சரித்திருக்கிறார்.

அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. நாளை ஞாயிறு. எதிர்வீட்டில் காலையில் ஆள் இருப்பார்கள், காபி வாசனை வரும். காரமில்லாமல் கொஞ்சம் எலுமிச்சைச் சாதம் கிளறி, கதவைத் தட்டப் போகிறேன். கார்த்தியும் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். என்ன பேசுவது என்று மத்தியானத்திலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எதிர்வீடு. எனக்கு அடுத்த மாதம் பிரசவம். என் அம்மாவால் வர முடியவில்லை. இந்த மூன்று வாக்கியம் வரைக்கும் தடங்கல் இல்லாமல் வருகிறது. நாலாவது, உதவி கேட்கிற வாக்கியம். அது இன்னும் வாயில் வரவில்லை. கதவு திறந்த பிறகு சொல்லிப் பார்க்க வேண்டும்.